கோடிப்புறத்து அறையில் வந்த பிழை

அத்தியாயம் 14

மகளும் மருமகளும் ஒரே கந்தோரில் வேலை பார்ப்பது வீட்டுக்கு நல்லதா என்று போன மாதம் யாராவது கேட்டிருந்தால், கமலாவதி வாயெல்லாம் பல்லாக “அதைவிட வேறென்ன வேணும்” என்றிருப்பாள். இப்போது கேட்டால் வெங்காய விலையைப் பற்றிப் பேசத் தொடங்குவாள். ஒரு கிழமையாக அந்த வட்டுக்கோட்டை வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கதி இதுதான். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் மீனவருக்கென்று கைபேசிச் செயலி ஒன்றைச் செய்து விட்டிருந்தது. பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் படகுக்காரர் அதைத் திறந்து அன்றைய மீன் விலையையும் ஐஸ் இருப்பையும் பார்ப்பார்கள். சில வேளைகளில் மட்டும் ‘தரவை விரிக்க முடியவில்லை’ என்று ஒரு வரி வந்து, திரை வெறுமையாக நிற்கும். திரும்பத் திறந்தால் ஒன்றும் நடவாததுபோல எல்லாம் சரியாக வரும். பிடிக்கப் போனால் ஒளித்துக்கொள்கிற பிழை.

செயலிக்குள் இருந்துகொண்டு தூரத்துக் கணினியிடம் தரவைக் கேட்டு வாங்குகிற பகுதியை எழுதியவள் மருமகள் தக்சாயினி. லைப்ரரி என்று அதைச் சொல்வார்கள். அந்த லைப்ரரியில், ஒரு தடவை தவறினால் பிழையைச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை கேட்கும்படி சில வரிகளைச் சேர்த்தவள் மகள் தனுஷிகா. அவள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருப்பவள். இரண்டு பேருக்கும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. பிழை எங்கேயிருந்து வருகிறது என்று போன வெள்ளிக்கிழமை கணினித் திரையில் நடந்த கூட்டத்தில் குழுத் தலைவன் பிரவீணன் கேட்டபோது, தக்சாயினி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“தனுஷிகாவின்ரை கை பட்ட பிறகுதான் வரத் தொடங்கினது.”

இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், தனுஷிகாவை வேலையில் நிரந்தரமாக்குவதா நிற்பாட்டுவதா என்று முடிவு. அதே நாளில் வீட்டில் வைரவருக்குப் படையல் போடும் மடையும் வந்து வாய்த்தது.

விடிந்ததும் விடியாததுமாகத் தக்சாயினிக்குத் தெரிந்துவிட்டது, தனக்கு இன்று மாதத் துடக்கு என்று.

வேறொரு நாளாக இருந்தால் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டாள். கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொன்னதே இல்லை. மேல்மாடியில் தனி அறை, தனிக் குளியலறை. புருஷன் ஜெயரூபனுக்குக் கிளிநொச்சியில் வங்கி வேலை, சனி ஞாயிறில்தான் வருவான். மகளிடம் நாள் எண்ணிக் கேட்கிற கமலாவதி, மருமகளிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிற மனுசி. வேலை மும்முரத்தில் சில நாட்கள் தக்சாயினி கீழே இறங்காமலே இருப்பாள். அவைதான் அந்த நாட்கள் என்று மாமி தன்பாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டாள். உண்மையான நாட்களிலோ மருமகள் கீழே வந்து சாமியறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

தனுஷிகாவுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. மாதாமாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கோடிப்புறத்து அறைக்குப் போய்விடுவாள்.

ஆனால் வைரவர் விஷயம் வேறு. படித்த பெண், இதையெல்லாம் நம்பாதவள் என்றுதான் தக்சாயினி தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். வடைமாலை சாத்துகிற நாளில் அந்தத் துணிச்சல் அவளை அம்போ என்று விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுக்களை வாசலுக்கு வெளியே நின்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

“மாமி, எனக்கு இண்டைக்குச் சுகமில்லை.”

கமலாவதி உழுந்துச் சட்டியிலிருந்து கையை எடுத்தாள். அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சுகமில்லை என்றால் அது காய்ச்சல் தடிமனைப் பற்றியது அல்ல.

“இண்டைக்குப் பாத்தே வரவேணும்? சரி, அது எங்கடை கையிலையே இருக்கு. முழுகிப்போட்டுக் கோடிப்புற அறையிலை போய் இரும் பிள்ளை. சாப்பாடு தனு கொண்டருவாள்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு லேசான காரியத்தையா இத்தனை காலமும் மறைத்தோம் என்று தக்சாயினிக்கு ஒரு மாதிரி இருந்தது.

கோடிப்புறத்து அறை கிணற்றடிக்குப் பக்கத்தில், வீட்டை விட்டுத் தள்ளி இருந்தது. பாதி அறையில் வெங்காயம் பிடிபிடியாகத் தொங்கியது. மற்றப் பாதியில் ஒரு கட்டில், ஒரு பழைய பள்ளிக்கூட மேசை. தக்சாயினி மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். இணைப்பு ஒரு கோடு காட்டியது, பிறகு அதுவும் போய், திரும்பி வந்தது. றவுட்டர் வீட்டுக் கூடத்தில். அதற்கும் இந்த அறைக்கும் நடுவே அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள்.

கூட்டத்துக்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே என்று செயலியைத் தட்டினாள்.

‘தரவை விரிக்க முடியவில்லை.’

தக்சாயினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாடியிலிருந்து ஆயிரம் தடவை ஓட்டியும் அவள் கண்ணில் படாத வரி அது. திரும்பத் தட்டினாள். சரியாக வந்தது. திரும்பவும் தட்டினாள். பிழை.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைப்பானேன். தனுஷிகாவின் வரிகளைத் தூக்கிவிட்டு ஓட்டினால் பிழை போய்விடும், கூட்டத்தில் அதைக் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். தூக்கினாள். ஓட்டினாள். பிழை வரி வரவில்லை.

ஆனால் திரையில் நின்றது நேற்றைய மீன் விலை.

பிழை போகவில்லை. சத்தம் போடாமல் இருந்தது, அவ்வளவுதான். தரவு வராத வேளைகளில் பழைய விலையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும்படி ஆதியில் எழுதியவள் அவளேதான். படகுக்காரர் நேற்றைய விலையை இன்றைய விலை என்று நம்பி எத்தனை நாள் விற்றார்களோ. தனுஷிகா செய்தது ஒன்றே ஒன்று. மூடிக் கிடந்ததை வாய் திறக்க வைத்தாள். அதனால்தான் அவள் வந்த பிறகு வந்ததுபோல் இருந்தது.

இனிப் பிழையைச் சும்மா விட முடியாது. வருகிற தரவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்தாள். நெரிசலைக் குறைக்கத் தரவைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள், வாங்குகிறவர் விரித்து எடுக்கவேண்டும். இது சுருக்கின சரக்கு என்று சொல்லும் சின்னத் தலைப்பு ஒன்று முன்னால் வரும், சரக்கு அதன் பின்னால் வரும். இணைப்பு நன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே வந்து விழும். இணைப்பு இழுபட்டால் தலைப்பு மட்டும் தனியாக வந்து நிற்கும். தக்சாயினி எழுதிய வரியோ அந்தத் தலைப்பை விரித்துப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை, இது பழுது என்று முடிவு கட்டியது. மிச்சம் வரும்வரை பொறு என்று அவள் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேல்மாடி அறை கூடத்துக்கு நேர் மேலே. அங்கே எல்லாம் ஒன்றாகவே வந்து விழும். நகரத்துக் கந்தோரிலும் அப்படித்தான். இறங்குதுறையில் அப்படி இல்லை. இந்த அறையிலும் இல்லை.

அப்போதுதான் போன வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

கூட்டத்தில் தனுஷிகா வாய் திறக்காமல் இருக்கவில்லை. “எல்லா நாளும் வாறதில்லை. சில நாளிலை எனக்கே வருது, நான் இருக்கிற இடத்தைப் பொறுத்து...” என்று தொடங்கினாள். “எந்த நாளிலை? எந்த இடம்?” என்று பிரவீணன் கேட்டான். குற்றமில்லாத கேள்வி. திரையில் மற்ற அத்தனை பேரும் ஆண்கள். தனுஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஏன் குனிந்தாள் என்று தெரிந்த ஒரே ஆள் தக்சாயினி. அதே வீட்டுப் பெண், அதே உடம்பு. ஒரு சொல்லில் காப்பாற்றியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“நாள் பாத்து வாற பிழை எண்டு ஒண்டும் கணினியிலை இல்லை, பிரவீணன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் நன்றாகச் சிரித்தாள்.

வெட்கம் என்றால் சும்மா வெட்கம் இல்லை. தக்சாயினிக்குக் காது இரண்டும் எரிந்தன. தன்னுடைய வேலைக்குப் பிழை சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு பெட்டையின் மானத்தைத் தூக்கிச் சபையில் போட்டிருக்கிறாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

இத்தனைக்குப் பிறகு அவள் செய்ததைக் கேட்டால் நீங்களே அவளை ஏசுவீர்கள். திருத்தத்தை எழுதினாள். முழுச் சரக்கும் வரும்வரை பொறுக்கச் சொல்லும் சில வரிகள்தான். ஓட்டிப் பார்த்தாள். பிழை ஒரு தடவைகூட வரவில்லை. திருத்தத்தோடு சேர்த்து அது என்ன திருத்தம் என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். ‘மெதுவான இணைப்புகளுக்கான சிறு மேம்பாடு’ என்று எழுதினாள்.

யாருடைய பிழை, எத்தனை காலமாக இருந்த பிழை, ஒன்றும் அதில் இல்லை. இதை இப்படியே அனுப்பிவிட்டால் எல்லாம் தன்பாட்டில் அடங்கிவிடும். தனுஷிகாவின் வேலை? அதற்கு வேறு ஏதாவது பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

முன்வளவில் மணிச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. மடை முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் நிழல் விழுந்தது. தனுஷிகா ஒரு கோப்பையில் சோறும் கறியும் கொண்டுவந்து, உள்ளே வராமல், வாசல் கதிரையில் வைத்தாள். மேசை வாசலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவளுடைய கண் திரையில் பட்டது.

“சிறு மேம்பாடு” என்று வாசித்தாள்.

தக்சாயினி திரையை மூடப் போனாள். கை பாதியில் நின்றுவிட்டது.

“தனு, பிழை என்ரை.”

“தெரியும் அண்ணி.”

“எப்ப தெரியும்?”

“போன மாசம் இதிலை இருந்து பாக்கேக்கையே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“சொல்லத்தானே வெளிக்கிட்டனான். எந்த இடம் எண்டு கேட்டினம். நீங்கள் சிரிச்சீங்கள்.”

தக்சாயினியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதிரையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, “வீட்டிலை வந்து என்னட்டைத் தனியச் சொல்லியிருக்கலாம்” என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று அவளுக்கே விளங்கியது.

தனுஷிகா கோபப்படவில்லை. “நீங்கள் மேலை இருக்கிறதும் எனக்குத் தெரியும். விளக்கேத்திறதும் தெரியும். எனக்கென்ன கண் இல்லையே? நான் அம்மாட்டை ஒருநாளும் வாய் திறக்கேல்லை. அது உங்கடை விசயம் எண்டு விட்டிட்டன். எனக்கு இந்த வேலை வேணும் அண்ணி. வேலை போனால் அடுத்த மாசமே எனக்குக் கலியாணம் பேசிப்போடுவா அம்மா. நீங்கள் கூட்டத்திலை சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லுங்கோ. பாதி சொன்னால், நான் ஏன் அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தனான் எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. விசரி எண்டுதான் நினைப்பினம்.”

தனுஷிகா பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பிவிட்டாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

பின்னேரம் கூட்டம் தொடங்கியது. வந்த சொந்தக்காரர்கள் போய், வீடு ஓய்ந்திருந்தது. தனுஷிகா கோடிப்புறத்து அறையின் வெளிப்படியில், இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கைபேசியில் சேர்ந்துகொண்டாள். திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிரவீணன் தொண்டையைச் செருமினான்.

“தனுஷிகாவோடை கூட வேலை செய்தது தக்சாயினிதான். நீங்கள் முதல் சொல்லுங்கோ.”

“அந்தப் பிழை அவவின்ரை இல்லை, பிரவீணன். என்ரை. அவ வர முதலே இருந்தது.”

தலைப்பு முதலில் வந்து நிற்பதையும், தன் வரி பொறுக்காமல் தள்ளிவிட்டதையும், பழைய விலை வந்து பிழையை மூடியதையும் சொன்னாள். தொழில் விஷயம் என்றபடியால் குரல் ஓரளவு நேராகவே வந்தது. பிரவீணன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு ஒரு கேள்வி போட்டான்:

“இவ்வளவு நாளும் உங்களுக்கு ஏன் அது வரேல்லை?”

இணைப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்யும் இல்லை. படியில் இருந்த முதுகு அசையவில்லை.

“எங்கடை வீட்டிலை, மாதத் துடக்கு வந்தால் பின்னாலை ஒரு அறையிலைதான் இருக்கவேணும்” என்றாள். “அங்கை சிக்னல் இல்லை. தனுஷிகா மாசாமாசம் அங்கை இருந்துதான் வேலை செய்தவ. அதாலைதான் அவவுக்குச் சில நாளிலை மட்டும் வந்தது. எந்த நாள் எண்டு நீங்கள் கேட்டீங்கள். அவ அதை எப்பிடிச் சொல்லுவா? எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சிரிச்சனான். நான் ஒருநாளும் இந்த அறையிலை வந்து இருந்ததில்லை. இண்டைக்குத்தான் இருக்கிறன்.”

தேனுஜன் என்ற பொடியன் தன் கமராவை நிறுத்திவிட்டான். அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்காது. பிரவீணன் மேசையில் எதையோ நகர்த்தி வைத்தான்.

“விளங்குது” என்றான் கடைசியில். “தனுஷிகா, நான் அப்பிடிக் கேட்டதுக்குக் குறை நினைக்காதேங்கோ. நீங்கள் நிரந்தரமா நிக்கிறீங்கள். லைப்ரரியையும் இனி நீங்களே பாருங்கோ. தக்சாயினி, உங்களுக்குச் சரிதானே?”

மூன்று வருடம் தன்னுடையது என்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த வேலை. “சரி” என்றாள் தக்சாயினி. வலித்தது. வலிக்கட்டும் என்றும் இருந்தது. கூட்டம் முடிந்து திரையை மூடியபோது, ஒரு கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. சபையில் கெடுத்ததைச் சபையிலேயே சரிக்கட்டியாயிற்று, இனி முகம் கொடுத்துக் கதைக்கலாம் என்று எழுந்தாள்.

யன்னலுக்கு வெளியே கமலாவதி நின்றாள். கிணற்றடியில் கழுவிய பித்தளைத் தட்டங்கள் கையில் இருந்தன. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“ஒருநாளும் வந்து இருந்ததில்லை எண்டால் என்ன பிள்ளை?”

தக்சாயினி எழுந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தாள்.

“அப்ப அந்த நாளையிலை மேலை அறையிலைதானே இருந்தனீர்?” கமலாவதியின் குரல் உயரவில்லை. பயம்தான் இருந்தது. “சாமியறைக்குள்ளை போனனீரோ? விளக்கு ஏத்தினனீரோ?”

முன்பின் உறவில்லாத அத்தனை ஆண்களுக்கு முன்னால் சொல்ல முடிந்தது. தன்னைப் பெற்ற பிள்ளைபோல வைத்திருக்கும் இந்த ஒரு மனுசிக்கு முன்னால் ஒரு சொல்லும் வரவில்லை. சொல்லிவிடு, இதையும் சொல்லிவிடு என்று மனம் கிடந்து அடித்தது.

படியிலிருந்து தனுஷிகா எழுந்தாள்.

“மேலை தன்ரை அறையிலை இருந்தவ அம்மா. அந்த நாளையிலை கீழை இறங்கிறேல்லை. விளக்கு நான்தான் ஏத்தினனான்.”

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள். வைரவருக்கு மடை போட்ட அன்றைக்கே, பெற்ற தாய்க்கு முன்னால், அண்ணிக்காக ஒரு பொய்.

கமலாவதி நெஞ்சில் கையை வைத்தாள். “அதுதானே பாத்தன். கொஞ்ச நேரத்துக்குள்ளை நான் என்னவெல்லாம் யோசிச்சுப்போட்டன்.” யன்னலுக்குக் கிட்ட வந்து மருமகளைப் பார்த்தாள். “எங்கடை தக்சா அப்பிடிச் செய்யாது எண்டு எனக்குத் தெரியும். என்ன பிள்ளை, சரிதானே?”

தக்சாயினி ஓம் என்று தலையாட்டினாள்.

தனுஷிகா அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.